கடைசி பெஞ்சுக்கு ஒரே பதில்

கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் அடிக்க வருகிறவர்கள் மூன்று விஷயங்களைக் கையோடு கொண்டுவருவார்கள்: ஒரு படம், பிறந்த தேதி, மறைந்த தேதி. ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் ரோட்டில் பதினேழு வருடமாக ஃபிளெக்ஸ் கடை வைத்திருக்கும் ஹரிஹரசுதனிடம், இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லாமல் வந்த முதல் வாடிக்கையாளர் மாதவன்தான்.

“படம்?” என்று கேட்டார் சுதன்.

“இல்லைங்க. எங்க குரூப் போட்டோவுல அவ இல்லை.”

“பிறந்த தேதி?”

“ஸ்கூல்ல கேட்டா கிடைக்கும்.”

“மறைந்த தேதியாவது சொல்லுங்கோ சார். அதுவும் இல்லாம அஞ்சலி எப்படிப் போடறது?”

மாதவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நாற்பத்தைந்து வயது, இஸ்திரி கலையாத சட்டை, கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். “அதுதாங்க யாருக்கும் தெரியலை. செத்துட்டாங்கறது மட்டும் தெரியுது.”

மூலை மேஜையில் யாருடைய முதியோர் உதவித்தொகை விண்ணப்பத்தையோ திருத்திக்கொண்டிருந்த கமர் ஜஹான் பேனாவை மூடினார்.

இந்த அம்மாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். புள்ளியியல் துறையில் முப்பத்திரண்டு வருடம் படிவங்களைச் சரிபார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டில் இருந்தால் மருமகள் ஒரு டம்ளரைக்கூட எடுக்க விடுவதில்லை என்ற கோபத்தில், தினமும் பாலக்கரையிலிருந்து பஸ் ஏறி வந்து இந்தக் கடையில் உட்கார்ந்து ஜனங்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறார். காணாமல் போன இரண்டு பட்டாக்களையும் ஒரு ஜாதகத்தையும், இருந்த இடத்தைவிட்டு எழுந்திருக்காமலேயே கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறார். அன்றிலிருந்து சுதன் தன்னை அவருக்கு உதவியாளராக நியமித்துக்கொண்டுவிட்டார். சம்பளமில்லாத உத்தியோகம்தான், ஆனால் கடைத்தொழிலைவிட அதில்தான் அவருக்கு ஈடுபாடு அதிகம்.

“உட்காருங்க தம்பி,” என்றார் கமர் ஜஹான். “செத்துட்டாங்கன்னு யார் சொன்னது?”

“யாரும் சொல்லலை மேடம். ஷீட்ல இருக்கு.”

மாதவன் சொன்ன விவரம் இது. கோட்டை ஸ்டேஷன் பக்கத்துப் பள்ளியொன்றில் 1996-இல் பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் முப்பது பேர் படித்தார்கள். அவர்தான் கிளாஸ் லீடர். முப்பது வருடம் கழித்து வரும் ஞாயிற்றுக்கிழமை முக்கொம்பு அணைக்கட்டில் எல்லாரும் கூடுவதாக ஏற்பாடு. அந்தக் கடைசி வருடம் பிக்னிக் போனதும் அங்கேதான். ஷட்டரில் தண்ணீர் விழும் இரைச்சலில் யார் பேசினாலும் யாருக்கும் கேட்கவில்லை, இருந்தும் நாள் முழுக்க எல்லாரும் பேசிக்கொண்டே இருந்தார்கள் என்று சொல்லும்போது மாதவனுக்கு முகமே மாறிவிட்டது. அவருக்கு அந்த வகுப்பின் மீது உண்மையான பிரியம் இருந்தது. அதனால்தான் யார் யார் வருகிறார்கள் என்று கேட்பதற்குச் சாதாரணப் பட்டியல் போடாமல், எல்லாரும் போனிலேயே திறந்து நிரப்பும்படி ஒரு ஷீட் தயாரித்து, அதையும் பழைய வகுப்பறை மாதிரியே அமைத்திருந்தார்.

“அஞ்சு வரிசை, அஞ்சு பெஞ்ச். ஒரு வரிசைக்கு ஆறு பேரு. இடது பக்கம் பசங்க, வலது பக்கம் பொண்ணுங்க. யார் எங்க உட்காந்தாங்களோ அதே இடம். பேருக்குப் பக்கத்துல ஒரு கட்டம், அதைத் தொட்டா பதிலுங்க வரிசையா கீழே விழும்.”

“டிராப் டவுன்,” என்றார் சுதன், தனக்கும் தெரியும் என்று காட்ட.

“ஆமாங்க. கண்டதையும் டைப் பண்ணிடக் கூடாதுன்னு அஞ்சே பதில் வச்சேன். தனியாக வருகிறேன், குடும்பத்தோடு வருகிறேன், பிறகு சொல்கிறேன், வர இயலாது, காலமானார்.”

“கடைசிப் பதில் எதுக்கு?”

“முருகானந்தத்துக்காக மேடம். எனக்குப் பக்கத்து சீட்டு. அஞ்சு வருஷம் முன்னாடி போயிட்டான். அவன் கட்டத்தைச் சும்மா விட மனசு வரலை.” மாதவன் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டார். “போன ஞாயித்துக்கிழமை பாத்தா, கடைசி பெஞ்சுல வெள்ளையம்மாள் கட்டத்துலயும் ‘காலமானார்’னு இருக்கு. பச்சைமலைப் பொண்ணு. அப்ப ஹாஸ்டல்ல தங்கிப் படிச்சா. போன் போட்டா சுவிட்ச் ஆஃப். லிங்க் யார் கையில இருந்தாலும் மாத்தலாம், அதனால யார் போட்டாங்கன்னு பேரும் விழலை. குரூப்ல எல்லாரும் அஞ்சலி போட்டு முடிச்சாச்சு. ஞாயித்துக்கிழமை ரெண்டு நிமிஷம் மௌனம், ஒரு ஃபிளெக்ஸ்னு முடிவும் ஆயிடுச்சு. ஆனா என் மனசுதான் கேக்கலை. யாராவது விளையாடியிருந்தா? அவ உயிரோட இருந்து, நாம ஃபிளெக்ஸுக்கு மாலை போட்டா?”

“மலைக்கு ஆளனுப்பி விசாரிச்சீங்களா?”

“உப்பிலியபுரத்துல எங்க கிளாஸ்மேட் ஒருத்தன் இருக்கான், தர்மராஜ். பஸ் கண்டக்டர். அவனும் அவளைப் பாத்து மூணு மாசம் ஆச்சுன்னான்.”

“அதாவது, அஞ்சலி சொல்ல எல்லாருக்கும் நேரம் இருந்திருக்கு. மலை ஏற ஒருத்தருக்கும் இல்லை,” என்றார் கமர் ஜஹான். குரலில் கோபம் இல்லை. “முதல்ல அவருக்குப் போன் போட்டு, இப்பவே மேலே போகச் சொல்லுங்க. மத்ததை அப்புறம் பார்ப்போம்.”

தர்மராஜுக்கு அன்று வாரவிடுப்பு. பதினொரு மணி பஸ்ஸில் ஏறிவிடுவதாகச் சொன்னார்.

சுதனால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. “சார், உங்க வகுப்புல குறும்புக்காரா யாரு?”

“பீமராவ்,” என்றார் மாதவன் யோசிக்காமல். “அதே கடைசி பெஞ்ச். நாளைக்கு லீவுன்னு ஹெட்மாஸ்டர் கையெழுத்தோட நோட்டீஸ் ஒட்டினவன். இப்ப அவன் கட்டம் காலியாத்தான் இருக்கு. வரேன்னும் சொல்லலை, வரலைன்னும் சொல்லலை.”

“ஆள் கிடைச்சாச்சு மேடம்!”

“ஆளைச் சந்தேகப்படறதுக்கு முன்னாடி படிவத்தைச் சந்தேகப்படணும் சுதன்,” என்றார் கமர் ஜஹான். “ஷீட்டைக் காட்டுங்க தம்பி.”

மாதவன் ஃபைலிலிருந்து நீளமான தாளொன்றை எடுத்து மேஜையில் விரித்தார். போனில் பார்ப்பதைவிடத் தாளில் பார்ப்பதே அவருக்கும் கமர் ஜஹானுக்கும் பழக்கமாக இருந்தது. தாளின் தலையில் பழைய குரூப் போட்டோவைப் பதித்திருந்தார். கமர் ஜஹான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதலில் அந்தப் படத்தில் இருந்த தலைகளை எண்ணினார். பிறகு முதல் வரிசையிலிருந்து விரலை வைத்துப் படிக்க ஆரம்பித்தார். சுதன் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்.

முதல் பெஞ்சில் பலவிதப் பதில்கள் இருந்தன. மூன்று பேர் தனியாக வந்தார்கள், ஒருவர் குடும்பத்தோடு, ஒருவர் வர இயலாது, முருகானந்தம் காலமானார். இரண்டாவது பெஞ்சில் ஆறு பேரும் குடும்பத்தோடு வந்தார்கள். மூன்றாவது பெஞ்சில் ஆறு பேரும் பிறகு சொல்வதாகச் சொல்லியிருந்தார்கள். நாலாவதில் ஆறு பேருமே வரவில்லை. ஐந்தாவதில் ஐந்து கட்டங்கள் காலி, ஆறாவதில் ‘காலமானார்’.

“இந்த அருள்ராஜ் யாரு? ரெண்டாவது பெஞ்ச்.”

“ஃபாதர் அருள்ராஜ். மணப்பாறை பக்கம் ஒரு சர்ச்சுல இருக்காரு.”

“பாதிரியாரா?” என்று சுதன் நிமிர்ந்தார். “குடும்பத்தோட வரேன்னு போட்டிருக்காரே!”

“கையில தப்பா பட்டிருக்கும்னு நினைச்சேன்,” என்றார் மாதவன்.

“தர்மராஜ் நாலாவது பெஞ்ச். வர இயலாதுன்னு இருக்கு. வரலையா?”

“ஐயோ, அன்னைக்கு வேன் ஏற்பாடு பண்றதே அவன்தாங்க. நாலாவது பெஞ்சுக்காரங்களே அப்படித்தான் மேடம், எதையும் ஒழுங்கா செய்ய மாட்டாங்க. மூணாவது பெஞ்சும் அப்பவே இப்படித்தான், எதைக் கேட்டாலும் யோசிச்சுச் சொல்றோம்பாங்க.”

கமர் ஜஹான் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்க எந்த பெஞ்ச்?”

“முதல் பெஞ்ச்.”

“அதானே.” விரல் தாளின் வலது ஓரத்துக்குப் போனது. “இன்னொண்ணு. எல்லாருக்கும் மூணு மூணு கட்டம் இருக்கு. பேரு, பதில், கொண்டுவருவது. சுவரோரம் உட்கார்ந்த பொண்ணுங்களுக்கு மட்டும் ரெண்டுதான் இருக்கு. மூணாவது எங்கே?”

மாதவன் எட்டிப் பார்த்தார். “பேப்பர் பத்தாம அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கும். அது பெரிசா ஒண்ணுமில்லைங்க, ஆளுக்கு என்ன பலகாரம் கொண்டு வர்றீங்கன்னு கேட்டது. அதுல லிஸ்ட் இல்லை, அவங்களே எழுதணும். அந்தப் பக்கத்தை நான் எடுத்துட்டு வரலை.”

“கம்ப்யூட்டர்ல திறங்க சுதன்.”

சுதன் திறந்தார். ஷீட்டை வலது கோடிக்கு நகர்த்த வேண்டியிருந்தது. போனில் பார்க்கிற யாரும் அவ்வளவு தூரம் போயிருக்க மாட்டார்கள். கடைசி வரிசை, கடைசிக் கட்டம். ‘மரவள்ளிக்கிழங்கு, ஒரு மூட்டை’ என்று இருந்தது.

“எப்ப எழுதினதுன்னு பாருங்க.”

சுதன் கட்டத்தின் திருத்த விவரத்தை எடுத்தார். “ஞாயித்துக்கிழமை காலம்பற பத்து நாப்பது. பக்கத்துல ‘காலமானார்’ விழுந்தது...” அவர் குரல் மெலிந்தது. “அதே நாள், பத்து நாப்பத்தாறு.”

மாதவன் திரைக்குப் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார்.

“ஆறு நிமிஷத்துலயா செத்துப் போனா?” என்றார் மாதவன்.

“பீமராவுக்குப் போன் போடுங்க. ஸ்பீக்கர்ல,” என்றார் கமர் ஜஹான். “ஒரே ஒரு கேள்வி. அவர் கட்டத்தைத் தொட்டப்ப என்ன விழுந்துச்சுன்னு கேளுங்க.”

கேட்டதும் அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. “ஏண்டா லீடர், வச்சவனுக்கே தெரியாதா? ‘காலமானார்’னு ஒண்ணுதான் வந்துச்சு. எங்க பெஞ்சுல எல்லாருக்கும் அதேதான், பேசிக்கிட்டோம். கடைசி பெஞ்சுக்கு நீ அதுதான் வச்சிருப்பேன்னு சிரிச்சுட்டு மூடிட்டோம். இந்த வயசுல இதுக்குப் போய் சண்டையா போடறது?”

மாதவன் போனை மேஜையில் வைத்தார்.

“இப்ப நான் சொல்றேன், கேட்டுக்குங்க,” என்றார் கமர் ஜஹான். “அஞ்சு பதிலையும் இன்னொரு பக்கத்துல ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா எழுதி வச்சீங்க. முதல் பெஞ்சுக் கட்டத்துல, ‘ஒண்ணாவது வரியிலேருந்து அஞ்சாவது வரி வரைக்கும் காட்டு’ன்னு சொன்னீங்க. சரியா இருந்துச்சு. அதைக் காப்பி எடுத்துக் கீழே மத்த பெஞ்சுகளுக்கு ஒட்டினீங்க. நீங்க ஒரு வரி கீழே இறங்கினா, அதுவும் கூடவே ஒரு வரி இறங்கும். அதனால ரெண்டாவது பெஞ்சுக்கு லிஸ்ட் ரெண்டாவது பதில்லேருந்துதான் ஆரம்பிச்சுது. ‘தனியாக வருகிறேன்’ அவங்களுக்குக் கிடையாது. பாவம், பாதிரியார் என்ன செய்வாரு? மூணாவது பெஞ்சுக்கு வரேன்னு சொல்லவே வழியில்லை. நாலாவதுக்கு ரெண்டு பதில், ஒண்ணு வர இயலாது, இன்னொண்ணு சாவு. அஞ்சாவது பெஞ்சுக்கு மிஞ்சினது ஒண்ணே ஒண்ணு.”

“ஆனா நான் டாலர் குறி போட்டேனே மேடம்! அது போட்டா நகராதுன்னு சொன்னாங்களே!”

“பத்தியைக் குறிக்கிற எழுத்துக்கு முன்னாடி மட்டும் போட்டிருப்பீங்க. சுதன், பாருங்க.”

சுதன் கட்டத்தின் விதியைத் திறந்து பார்த்தார். “அப்படியே இருக்கு. எழுத்துக்கு முன்னால டாலர் இருக்கு, வரி எண்ணுக்கு முன்னால இல்லை.”

“பசங்க பக்கத்துலேருந்து பொண்ணுங்க பக்கத்துக்கு நகர்த்தினப்ப லிஸ்ட் காணாமப் போயிருக்கும். அதுக்காக எழுத்தைக் கட்டிப் போட்டீங்க. உங்க பெஞ்சுல இந்தக் கோடி, அந்தக் கோடி ரெண்டையும் தொட்டுப் பாத்தீங்க. சரியா இருந்துச்சு. பின்னாடி பெஞ்சுக்குப் போய்ப் பாக்கலை.”

“யாருமே எங்கிட்ட சொல்லலையே!”

“சொல்ல மாட்டாங்க தம்பி. எழுபதுகள்ல எங்க ஆபீஸ்ல ஒரு படிவம் இருந்துச்சாம். வீடு ஓடா, ஓலையான்னு மட்டும் கேக்கும். மாடி வீட்டுக்காரங்களும் ஓடுன்னே எழுதிக் குடுத்தாங்களாம். படிவத்துல இருக்கறதைத்தான் ஜனங்க நிரப்புவாங்க. இல்லாததைக் கேட்டு வாங்க மாட்டாங்க. ஆபீசர் அப்படித்தான் வச்சிருக்காருன்னு நினைச்சுக்குவாங்க.”

சுதன் மட்டும் இன்னும் திருப்திப்படவில்லை. “எல்லாம் சரி மேடம். ஒரே பதில்தான் விழுந்ததுன்னா மத்த அஞ்சு பேரை மாதிரி மூடிட்டுப் போயிருக்கலாமே. வெள்ளையம்மாள் கட்டத்துல மட்டும் அதை யார் தொட்டா?”

“அவங்களேதான்,” என்றார் கமர் ஜஹான். “முதல்ல என்ன கொண்டு வரணும்னு யோசிச்சு எழுதியிருக்காங்க. அப்புறம் வரேன்னு சொல்லப் போயிருக்காங்க. ஏன் அதைத் தொட்டாங்கங்கறதுக்குப் பதில் இந்தத் தாள் தலையிலயே இருக்கு.” அவர் பழைய படத்தின் மேல் விரலை வைத்தார். “முப்பது பேர் படிச்ச வகுப்பு. படத்துல இருபத்திநாலு பேருதான் இருக்காங்க. மிச்சம் ஆறு பேரு எங்கே தம்பி?”

மாதவன் படத்தைப் பார்த்தார். முப்பது வருடமாக எத்தனையோ தடவை பார்த்த படம்தான். “கடைசி பெஞ்சுக்காரங்க. இடம் பத்தலைங்க,” என்றார். “அடுத்த போட்டோவுல நில்லுங்கன்னு சொன்னேன். அடுத்த போட்டோ எடுக்கவே இல்லை.”

கமர் ஜஹான் மேற்கொண்டு கேட்கவில்லை. சுதனிடமிருந்து கீபோர்டை வாங்கி, எண்களுக்கு முன்னால் டாலர் குறியைப் போட்டு முப்பது கட்டங்களுக்கும் ஒட்டினார். ஒவ்வொரு பெஞ்சாக இறங்கி ஒவ்வொரு கட்டத்தையும் தொட்டுப் பார்த்தார். கடைசி பெஞ்சிலும் ஐந்து பதில்கள் விழுந்தன. வெள்ளையம்மாளின் சுவரோரக் கட்டத்தில் இருந்த பதிலை அவர் மாற்றவில்லை. அது மற்றவர் மாற்ற வேண்டியதில்லை என்றார். மாதவன் நடந்த தவறைத் தர்மராஜுக்கு மெசேஜில் எழுதி அனுப்பினார்.

ஒன்றே முக்காலுக்குத் தர்மராஜின் போன் வந்தது. மலையில் பஸ் ஸ்டாப் பக்கத்துப் புளியமரத்தடியில் மட்டும்தான் சிக்னல், அங்கே நிற்கிறோம் என்றார். பிறகு ஒரு பெண் குரல் கேட்டது.

“யாரு, லீடரா?”

“வெள்ளையம்மா...” மாதவன் நாற்காலியைவிட்டு எழுந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நல்லா இருக்கியா?”

“செத்துட்டேன்னு நீதானே எழுதி வச்சிருந்தே. ஞாயித்துக்கிழமை சந்தைக்கு இறங்கினப்ப லிங்கைத் தொறந்தேன். கிழங்கு கொண்டாறேன்னு சந்தோஷமா எழுதினேன். வரேன்னு சொல்லலாம்னு பக்கத்துக் கட்டத்தைத் தொட்டா, ஒண்ணே ஒண்ணு விழுது. மூடி மூடித் தொறந்து பாத்தேன். போட்டோவுலதான் இடமில்லைன்னான், இதுலயும் நமக்கு இதைத்தான் விட்டு வச்சிருக்கான். அவன் ஆசைப்படியே இருக்கட்டும்னு தொட்டுட்டு, போனை அணைச்சுப் போட்டுட்டேன்.”

“அது தெரியாம நடந்த தப்பு. சத்தியமா வேணும்னு செய்யலை.”

“தர்மராஜு சொன்னான். சரி, அது போகட்டும். அன்னைக்கு?”

மாதவன் கமர் ஜஹானைப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்து விண்ணப்பத்தைப் படித்துக்கொண்டிருந்தார். உதவிக்கு யாரும் இல்லை.

“அன்னைக்கு வேணும்னுதான் செஞ்சேன்,” என்றார் மாதவன். “இடம் இருந்துச்சு. உங்க பெஞ்சுல எல்லாரு சட்டையும் வெளுத்துப் போய், ஒரு சட்டைக்கு ஒட்டுப் போட்டிருந்துச்சு. போட்டோ நல்லா வரணும்னு நினைச்சேன். மன்னிச்சுரு வெள்ளையம்மா.”



“ஒட்டுப் போட்டது என் தாவணி,” என்றாள் வெள்ளையம்மாள். “சட்டையில்லை.”

“இப்ப கட்டத்தைத் தொட்டுப் பாரு. அஞ்சும் விழும்.”

கடையில் மூன்று பேரும் கம்ப்யூட்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ‘காலமானார்’ மறைந்தது. கட்டம் காலியாக நின்றது. சுதன் வாய்க்குள் பெருமாள் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு எழுத்துகள் விழுந்தன: ‘பிறகு சொல்கிறேன்’.

“அதுவும் நியாயம்தான்,” என்றார் கமர் ஜஹான்.

ஞாயிற்றுக்கிழமை முக்கொம்பில் பாதிரியார் தனியாகத்தான் வந்தார். வர இயலாது என்றிருந்த நாலாவது பெஞ்ச் முழுசாக ஒரே வேனில் வந்து இறங்கியது. கமர் ஜஹானுக்கும் சுதனுக்கும் மரியாதையாக இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். சுதன் கேமராவோடு வந்திருந்தார். பதினொன்றரை மணி வரை மாதவன் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். யார் பேசினாலும் காதில் விழவில்லை, ஷட்டர் இரைச்சல் அன்று அவ்வளவு இல்லாதபோதும்.

பன்னிரண்டு மணிக்கு ஒரு ஆட்டோ வந்து நின்றது. முதலில் ஒரு மூட்டை இறங்கியது. பிறகு பச்சைப் புடவையில் வெள்ளையம்மாள் இறங்கினாள். பெண்கள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார்கள். மாதவன் மூட்டையை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு, சாப்பாடு வைத்திருந்த பக்கம் நடந்தார்.

சாப்பாட்டுக்கு முன்னால் போட்டோ. கடைசி பெஞ்ச் ஆறு பேரும் முன்வரிசையில் நடுவில் உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் பின்னால் நின்றார்கள். ஓரத்தில் ஒண்டிக்கொள்ள வந்த மாதவனை வெள்ளையம்மாள் கையை நீட்டித் தடுத்தாள்.

“இடமில்லை லீடர். நீ அடுத்த போட்டோவுல நில்லு.”

பீமராவ் முதலில் சிரித்தார், பிறகு எல்லாரும். மாதவனும் சிரித்துக்கொண்டே நகர்ந்து, கமர் ஜஹானின் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். சுதன் படம் எடுத்தார். எல்லாரும் கலையப் போனார்கள்.

“எங்கே போறீங்க? உட்காருங்க,” என்று வெள்ளையம்மாள் அதட்டினாள். நகர்ந்து பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டாள். “அடுத்த போட்டோன்னு சொன்னேன்ல. வா மாதவா.”

இரண்டாவது படமும் எடுக்கப்பட்டது.

வியாழக்கிழமை மாதவன் கடைக்கு வந்தார். வீட்டுச் சுவரில் மாட்டப் பெரிதாக ஒரு படம் வேண்டும் என்றார். சுதன் இரண்டு படங்களையும் திரையில் அருகருகே வைத்து, எது என்று கேட்டார். மாதவன் தான் இல்லாத படத்தைக் காட்டினார்.